குழாயின் மறுமுனை

ஊதிய காற்று திரும்பி வந்தது.

அவன் இரும்புக் குழாயிலிருந்து வாயை எடுத்து, தலையைச் சாய்த்து, கன்னத்தை அதன் முனையருகே வைத்துக் காத்திருந்தான். அப்போதுதான் வந்தது. வெதுவெதுப்பாக, ஈரமாக, சின்னதொரு தயக்கத்துக்குப் பிறகு, தூங்குகிறவரின் மூச்சைப் போல. அதில் கிராம்பு வாசம் இருந்தது.

"சார், விரல்! விரலை வைங்க!"

ஊதக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்த கண்ணாடிக்காரி கத்தினாள். அவன் கட்டைவிரலால் குழாயின் வாயை அடைத்தான். மறுமுனையில் தேன் நிறத்தில் தளதளவென்று தொங்கிக்கொண்டிருந்த கண்ணாடி, ஆரஞ்சுப் பழ அளவுக்கு உப்பி நின்றது.

சொகுசுக் கப்பலின் மேல்தளத்தில், நீச்சல் குளத்தைத் தாண்டி, பின்பக்கக் கோடியில் இருந்தது அந்தப் பட்டறை. கடலைப் பார்த்துப் பார்த்துச் சலித்த பயணிகள் அங்கே தங்கள் மூச்சால் ஒரு கண்ணாடிப் பந்து ஊதி வீட்டுக்கு எடுத்துப் போகலாம். கப்பலில் தீ கூடாது என்பதால் உலைகள் மின்சாரத்தில் ஓடின. கதவு மூடியிருக்கும்போது ஒரு முனகல் மட்டும் கேட்கும்; திறந்தால் உள்ளே அடைத்து வைத்திருந்த வெளிச்சம் பாய்ந்து வந்து முகத்தில் அறையும், புருவ மயிர் பொசுங்கும் வாடை வரும்.

ஊது, உடனே விரலால் மூடு. இவ்வளவுதான் பாடம். அடைபட்ட காற்று சூட்டில் தானாக விரிந்து கண்ணாடியை உப்ப வைக்கும். அவனுக்கு முன்னால் ஊதியவர்கள், அரைக்கால் சட்டை போட்ட தாத்தாக்கள் உட்பட, எல்லாரும் அதைச் சரியாகச் செய்தார்கள். அவன் உடம்பு வேறு பாடம் படித்திருந்தது. அலுவலகத்தில் நடந்த முதலுதவி வகுப்பில் படித்தது. ஊது. வாயை எடு. கன்னத்தைத் திருப்பு. நெஞ்சு இறங்குகிறதா, மூச்சு கன்னத்தில் படுகிறதா என்று பார். மறுபடி ஊது.

போன வருடம் ஒரு காலையில், சமையலறைத் தரையில் கிடந்த மனைவிக்கு அப்படித்தான் ஊதினான். பல்வலிக்காக அவள் கடித்து வைத்திருந்த கிராம்பு அப்போதும் வாயில் இருந்தது. ஆம்புலன்ஸ் வரும் வரை ஊதினான். வந்த பிறகும் ஊதினான். யாரோ தோளைப் பிடித்து, "போதும் சார்," என்று தூக்கும் வரை ஊதினான். ஒரு தடவைகூட அவன் கன்னத்தில் எதுவும் படவில்லை.

"போதும் சார்," என்றாள் கண்ணாடிக்காரி. "எதுக்கு வாயை எடுத்துட்டுக் கன்னத்தை வச்சீங்க? யாராவது பதில் சொல்லுவாங்கன்னா?"

"எங்க மாப்பிள்ளை பேசினாலே பெரிய விஷயம் மேடம். அவருக்கு யார் பதில் சொல்றது?"

வேடிக்கை பார்ப்பவர்களைத் தடுத்துக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மச்சான் சொன்னதும் கூட்டம் சிரித்தது. அவன் மனைவியின் அண்ணன். துக்கத்தைச் சிரிப்பால் அடித்து விரட்டிவிடலாம் என்று நம்புகிறவர். டிக்கெட் எடுத்து, பெட்டி கட்டி, தங்கை புருஷனையும் தங்கை மகளையும் ஏறக்குறைய கடத்திக்கொண்டு வந்திருந்தார்.

"காத்து திரும்பி வந்துச்சு," என்றான் அவன்.

"சூட்டுல வரும் சார். நீங்க மட்டும் உள்ள இழுத்துடாதீங்க. ஊதலாம், இழுக்கக் கூடாது. இந்தத் தொழில்ல அது ஒண்ணுதான் சட்டம். இதை உருட்டிட்டே இருங்க, வந்துடறேன்."

பந்தின் வாயை அடைக்க ஒரு துளி கண்ணாடி எடுத்து வர அவள் உலைப் பக்கம் திரும்பினாள். அவன் குழாயைப் பட்டறைப் பெஞ்சின் இரு பக்கமும் நீண்ட இரும்புக் கைகள்மேல் வைத்து உருட்டினான். உருட்டுவதை நிறுத்தினால் பந்து தொங்கிவிடும். அதனால் கண் அதிலேயே இருந்தது. இடது பக்கம் அவன் பார்க்கவில்லை.

இடது பக்கம், கயிற்றுக்குக் கீழே புகுந்து, வாண்டு வந்து நின்றாள். அவன் மகள். முன்பல் விழுந்து, புதுப்பல் பாதி முளைத்திருந்தவள். குழாய் என்றால் அவளுக்குத் தெரிந்தது ஜூஸ் குழாய்தான். வாயை வைத்தாள். உறிஞ்சினாள்.

"ஏய்! பாப்பா!"

கண்ணாடிக்காரியின் சத்தத்தில் அவன் திரும்பினான். வாண்டு இருமினாள். கண்ணில் நீர் கோக்க, நாக்கை வெளியே நீட்டிக் கையால் துடைத்தாள்.

"அப்பா, ஏம்ப்பா கிராம்பு வாசனை அடிக்குது?"

அந்த வாசனையைப் பற்றி அவன் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

அடுத்தது மச்சான் முறை. "வீட்டுல டீயைக்கூட நான்தான் ஊதி ஆத்திக் குடிக்கிறேன்," என்று ஆரம்பித்தவர், கூட்டத்தைப் பார்த்துச் சிரித்ததில் உருட்ட மறந்தார். அவர் பந்து துவண்டு, கழுத்து நீண்டு, தரையில் சொத்தென்று விழுந்தது. கீச்சென்று ஒரு சத்தம், பூனையின் வாலை மிதித்தது போல. பிறகு வெடித்தது. ஒரு சில்லு கண்ணாடிக்காரியின் முழங்கைக்குக் கீழே ஒரு கோடு கிழித்துவிட்டுப் போனது. கோடு முதலில் வெள்ளையாக இருந்தது. பிறகு நிறைந்து வழிந்தது. அவள் அதைத் துணியால் அழுத்திக்கொண்டே சிரித்தாள்.

"சட்டுனு ஆறினா இதுக்குக் கோபம் வந்துடும் சார். அதனாலதான் எல்லாத்தையும் சூட்டுப் பெட்டியில வச்சு மெதுவா ஆற விடறோம். உங்க பந்து நாளைக்குக் கிடைக்கும்."

*

மறுநாள் கிடைத்தது. தாளில் சுற்றி, அட்டைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். கேபின் மேசைமேல் அவன் அதைப் பிரித்து வைத்தபோது வெளியே மழை பிடித்திருந்தது. கடல் சாம்பல் நிறத்தில் எழுந்து எழுந்து விழ, அறையின் ஹேங்கர்கள் அலமாரிக்குள் ஒன்றோடொன்று உரசிக் கிசுகிசுத்தன. வாண்டு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கட்டிலில் குப்புறப் படுத்துத் தூங்கிப்போயிருந்தாள்.

நல்ல பந்துதான். நிறமில்லை, குமிழி இல்லை. தலையில் ஒரு சின்னக் கொக்கி. ஓட்டை என்று எதுவும் கிடையாது.

உள்ளே ஆவி படிந்தது.

முதலில் மழை ஈரம் என்று நினைத்துச் சட்டை நுனியால் துடைத்தான். வெளிப்பக்கம் காய்ந்துதான் இருந்தது. ஆவி உள்பக்கம், குளிர்ந்த ஜன்னலில் குழந்தை வாயை வைத்து ஊதியது போல வட்டமாகப் பூத்து, ஓரத்திலிருந்து சுருங்கி, மறைந்தது. மறுபடி பூத்தது. மறைந்தது. அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். பயமாக இல்லை. ஒரு வருடமாக அவனுக்கு எதுவுமே எதுவாகவும் இல்லை. மறைந்தது, பூத்தது. அந்தத் தாளம் அவனுக்குத் தெரிந்ததாக இருந்தது, ஏற்கெனவே அறையில் கேட்டுக்கொண்டிருந்ததாக இருந்தது. எங்கே என்று தேடிக் கட்டிலைப் பார்த்தான்.

வாண்டின் முதுகு இறங்கும்போது பந்தில் ஆவி பூத்தது. முதுகு எழும்போது மறைந்தது.

அவன் எழுந்தான். அவள் முதுகில் உள்ளங்கையை வைத்தான். முதுகு இறங்கியது. ஆவி பூத்தது.

ஆவி மறையவில்லை.

முதுகு எழவில்லை.

அவன் பொறுத்துப் பார்த்தான். ஒரு மூச்சு நேரம்தான். பிறகு அவளைப் புரட்டினான். உதடுகள் நாவல்பழம் தின்றது போல இருந்தன. தோளைப் பிடித்து உலுக்கினான், பெயர் சொல்லிக் கத்தினான், வாயில் வாய் வைத்து ஊதினான். அவள் வெட்டி இழுத்துக்கொண்டு விழித்தாள்.

"அப்பா... யாரோ என் மூச்சைப் புடிச்சு இழுக்கறாங்கப்பா."

"யாரு?"

"தெரியல. உள்ள இருந்து இழுக்கறாங்க."

கப்பலின் மருத்துவர் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று மாத்திரை கொடுத்தார். திரும்பி வரும் வழியில், நடைபாதையிலேயே வாண்டுக்கு இரண்டாம் தரம் மூச்சு நின்றது. பந்து கேபினில் கிடக்க, வெளியே அவள் முகம் நீலம் பாய்ந்ததையும், கேபினுக்குள் நுழைந்ததும் தெளிந்ததையும் மச்சானே கண்ணால் பார்த்தார். அதற்கப்புறம்தான் அவன் சொன்னதை நம்பினார். நம்பியதும் சிரிப்பு போய்விட்டது.

"இதைத் தூக்கிக் கடல்ல போட்டுட்டு மறு வேலை பாருங்க மாப்பிள்ளை."

"வேணாம் மச்சான். அது தூரமாப் போனாலே அவளுக்கு மூச்சு நிக்குது."

"என்ன வேணாம்? என் தங்கச்சி பெத்த ஒரே புள்ள!"

அவர் பந்தைப் பிடுங்கினார். பால்கனிக் கதவைத் திறக்கும் அவசரத்தில் பந்து கதவு நிலையில் மோதியது. டிக். அவ்வளவு சின்னச் சத்தம். வாண்டு அலறினாள். அவன் அவள் சட்டையைத் தூக்கிப் பார்த்தான். நெஞ்செலும்பின் குறுக்கே, ஊசியால் இழுத்தது போல ஒரு கோடு. முதலில் வெள்ளையாக இருந்தது. பிறகு நிறைந்து வழிந்தது.

பந்திலும் அதே இடத்தில் ஒரு மயிரிழைக் கீறல்.

மச்சான் அதைக் கட்டில்மேல், பிறந்த குழந்தையை வைப்பது போல வைத்துவிட்டு, சுவரோடு சரிந்து உட்கார்ந்தார்.

உடைத்தால் அவள் செத்தாள். உடைக்காமல் வைத்திருந்தால், ஒவ்வொரு தூக்கத்திலும் அது கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்து வைத்துக்கொள்ளும்.

*

மழையால் மேல்தளத்தை மூடியிருந்தார்கள். நீச்சல் குளத்தின் தண்ணீர் கப்பலோடு சேர்ந்து ஒரு பக்கம் ஏறி, மறுபக்கம் அறைந்தது. மாலை வெளிச்சம் அழுக்குத் துணியைப் பிழிந்தது போல இருந்தது. கண்ணாடிக்காரி பட்டறையின் பிளாஸ்டிக் திரைகளை இறக்கிக் கட்டிவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், பந்தில் ஆவி வந்து போவதையும், மச்சானின் தோளில் கிடந்த வாண்டின் விலா எழுந்து இறங்குவதையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கையில் எடுத்த மழைக்கோட்டைக் கீழே வைத்தாள்.

"உடைக்காம திறக்க முடியுமா?" என்று அவன் கேட்டான்.

"சூட்டுப் பெட்டியில வச்சுக் கொஞ்சம் கொஞ்சமா சூடேத்தணும். அப்புறம் குழாயில ஒட்டி, அடைச்ச இடத்தை இளக்கி ஒரு ஓட்டை போட்டா, உள்ள இருக்கற காத்து தானா வெளிய வந்துடும்." குரலைத் தாழ்த்தினாள். "காத்துதானே சார்?"

அவன் பந்தை அவளிடம் நீட்டினான்.

சூடேற நேரம் பிடித்தது. திரைகள் காற்றில் உப்பி, உள்வாங்கி, மறுபடி உப்பின. ஈரமும் சூடும் கலந்து பட்டறை முழுக்க ஒரு வாயின் உட்புறம் போல ஆகிவிட்டது. உலை முனகியது. அதன் முனகலுக்கு அடியில் இன்னொரு முனகல், இன்னும் மெல்ல, பல்வலிக்காரர் இரவில் முனகுவது போல. மச்சானுக்குக் கேட்டதா என்று அவன் கேட்கவில்லை. கிராம்பு வாசம் இப்போது எல்லாருக்கும் தெரிந்தது. மச்சான் மூக்கைச் சுளித்தார், பிறகு எதையோ நினைத்துக்கொண்டவராக முகத்தை வேறு பக்கம் திருப்பினார்.

வாண்டு சூட்டுப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தாகமா இருக்குப்பா," என்றாள்.

"இதோ முடிஞ்சிடும்டா."

கண்ணாடிக்காரி பந்தைக் குழாயில் ஒட்டி எடுத்தாள். வாய் திறந்த சின்ன உலையில் காட்டி உருட்டினாள். பந்து சிவந்தது, பளபளத்தது, அசைந்தது. அவள் பெஞ்சில் உட்கார்ந்து, கூரான கம்பியைக் குழாய்க்குள் விட்டு ஒரு தட்டுத் தட்டினாள். உள்ளே ஏதோ விட்டுப்போகும் சத்தம். கம்பியை உருவினாள். ஓட்டை விழுந்திருந்தது.

அவ்வளவுதான். எழுந்து நகர்ந்திருக்கலாம்.

ஆனால் ஓட்டை போட்டால் ஒரு தரம் ஊதிப் பார்ப்பது அவள் தொழிலில் பழக்கம். வழி சுத்தமாக இருக்கிறதா என்று. யோசித்துச் செய்யும் வேலை அல்ல அது. குழாயை உயர்த்தி, உதட்டில் வைத்து, லேசாக ஊதினாள்.

அவள் கண்கள் அகன்றன.

கன்னங்கள் உள்ளே ஒட்டின. பல்வரிசை தோலுக்கு மேலே தெரியும் அளவுக்கு ஒட்டின. நெஞ்சு இறங்கியது, இறங்கிக்கொண்டே போனது. காய்ந்த சுள்ளிகளைக் காலால் மிதிப்பது போல ஒவ்வொன்றாக, தோலுக்குள்ளே, விலாக்கள் முறிந்தன. கைகள் மட்டும் நிற்கவில்லை. இத்தனை வருடம் உருட்டிய கைகள். உருட்டிக்கொண்டே இருந்தன. மறுமுனையில் பந்து வளர்ந்தது. பூசணி அளவு. பானை அளவு. சிவப்பில் வரிகள் தெரிந்தன. மேலிருந்து கீழாக. விலா போல.

"விடும்மா! வாயை எடு!"

மச்சான் வாண்டை இறக்கிவிட்டு ஓடினார். அவள் தலையை இரு கைகளாலும் பிடித்துப் பின்னால் இழுத்தார். தலை வந்தது. உதடுகள் வரவில்லை. அவை குழாயிலேயே இருந்தன. அவள் பெஞ்சிலிருந்து சாய்ந்து, பல் தெரிய, மச்சானைப் பார்த்துக்கொண்டே தரையில் விழுந்தாள். ரத்தம் சூடான தரையில் பட்டுப் பொரிந்தது.

குழாய் பெஞ்சின் கைகள்மேல் கிடந்தது. யாரும் உருட்டவில்லை. தானாக உருண்டது.

மச்சான் ஓர் இரும்புக் கம்பியை எடுத்தார்.

"மச்சான், உடைக்காதீங்க! வாண்டு—"

ஓங்கியே விட்டார். கம்பி கண்ணாடியில் புதைந்தது, சேற்றில் புதைவது போல. சிவந்த குழம்பு கம்பியோடு நீண்டு, ஏறி, அவர் மணிக்கட்டைச் சுற்றியது. கை பிடித்தது போல. இழுத்தது. அவர் முகம் அதில் அழுந்தியது. அலறல் பாதியில் நின்றுவிட்டது. அலறலுக்கு வேண்டிய காற்று வேறெங்கோ போய்விட்டது. மயிர் கருகும் நெடி. பிறகு கறி கருகும் நெடி. அதற்கு மேலே, எல்லாவற்றுக்கும் மேலே, கிராம்பு.

கால்கள் மட்டும் தரையை உதைத்தன.

அவன் இரண்டடி எடுத்து வைத்தான். நின்றான். திரும்பினான்.

வாண்டு அவள் இருந்த இடத்தில் இல்லை.

இடது பக்கம்.

பெஞ்சின் இடது பக்கம், குழாயின் மேல் எக்கி நின்றாள். வாயை வைத்திருந்தாள். தாகம் எடுத்த குழந்தை ஜூஸ் குழாயில் வைப்பது போல. அவள் உறிஞ்சவில்லை. அது உறிஞ்சியது.

கன்னம் ஒட்டியது. நெஞ்சு இறங்கியது.

அவன் தாவிப் பிடித்தான். இழுக்கக் கை ஓங்கியவன், தரையில் கிடந்தவளின் வாயைப் பார்த்தான். வாய் இருந்த இடத்தைப் பார்த்தான். கை நின்றது.

இழுக்க முடியாது. உடைக்க முடியாது.

வாய் அடைபட்டிருந்தால் மூக்கின் வழியே ஊது. வகுப்பில் அதையும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

மண்டியிட்டான். மகளின் மூக்கைத் தன் வாயால் மூடினான். ஊதினான்.

நெஞ்சு எழுந்தது. விலாக்கள் பிடித்துக்கொண்டன. அவள் கண்கள் அவன் கண்களைப் பார்த்தன. உயிர் இருந்தது.

வாயை எடுத்தான். கன்னத்தைத் திருப்பினான்.

நெஞ்சு இறங்கியது. மூச்சு அவன் கன்னத்துக்கு வரவில்லை. குழாய்க்குள் போனது. மறுமுனையில் கண்ணாடி ஒரு சுற்று உப்பியது.

மறுபடி ஊதினான். நெஞ்சு எழுந்தது. இறங்கியது. கண்ணாடி உப்பியது.

கொஞ்சம் நிறுத்திப் பார்த்தான். அவள் உதட்டோரம் நீலம் ஏறியது. ஊதினான்.

மச்சானின் கால்கள் அடங்கிவிட்டன. திரைகள் உப்பின, உள்வாங்கின. மழை. உலையின் முனகல். தோளைப் பிடித்து, போதும் சார் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

ஊது. எடு. பார்.

ஊது.

மறுமுனையில் தோள்கள் வந்துவிட்டன. கழுத்து வந்துவிட்டது. அதன்மேல் ஒரு தலை. கண்கள் இல்லை, மூக்கு இல்லை. வாய் மட்டும் அவன் மனைவியுடையதாக அப்படியே இருந்தது. அது தலையைச் சாய்த்து, கனன்று சிவந்த கன்னத்தை அவர்கள் பக்கம் திருப்பி, அடுத்த மூச்சு வருகிறதா என்று காத்திருந்தது.